இருபது எடைக்கல்லும் ரயில்வே கேட் மேடும்

1972 பிப்ரவரி 7, திங்கட்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். ஆறரைக்கு இட்லி நான்கு. ஏழு பத்துக்குத் திருப்பாச்சூரிலிருந்து சைக்கிளில் கிளம்பி, ஏழு நாற்பதுக்குத் திருவள்ளூர் பட்டறையைத் திறந்தேன். பெஞ்சைத் துடைத்தேன். சோதனைத் தராசின் மேசை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். ஒரு கிலோ கல்லை வைத்து, முள் நடுவில் நின்றதும் நேரத்தை நோட்டில் எழுதினேன். எட்டு ஐந்துக்கு ஏசுதாஸ் செவ்வாப்பேட்டையிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்தான். எட்டரைக்கு வர வேண்டிய டிரைவர் வரவில்லை. ஒன்பதுக்கு அவருடைய தம்பி வந்து, அண்ணன் பஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டார் என்று சொல்லி, கார் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைய நாட்குறிப்புப் பக்கம் இதுவரை மற்ற எல்லா நாளையும் போலத்தான் இருக்கிறது. அடுத்த வரியில் மட்டும் என் கையெழுத்து சாய்ந்திருக்கிறது. 'இன்று முதல் காரை நான் ஓட்ட வேண்டும் என்று முதலாளி சொன்னார்.'

போன வருடம் ஓய்வு பெற்றேன். இப்போது எங்கள் கம்பெனியில் எடைக்கற்களை ஏற்றிப்போகத் தனி லாரி இருக்கிறது. சோதனை செய்யப் போகிறவர் வாடகை காரின் பின்சீட்டில் உட்கார்ந்து போகிறார். போன மாதம் பட்டறைக்குப் போனபோது அங்குள்ள பையன்கள், "நீங்களே கல்ல ஏத்திகினு கும்மிடிப்பூண்டிக்கு வண்டி ஓட்டினு போனீங்களாமே சார், பயமா இல்லியா?" என்று கேட்டார்கள். கேட்ட விதத்தில், நான் ஏதோ தைரியசாலி என்ற எண்ணம் இருந்தது. அது சரியல்ல. அதனால்தான் அந்த வருடத்து நாட்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தராசு பழுது பார்க்கும் அந்தப் பட்டறையில் பதினெட்டு வயதில் சேர்ந்தேன். சேர், பலம் என்ற பழைய எடைகள் போய் கிலோ வந்த காலம். ஊரில் உள்ள எல்லாக் கடைத் தராசும் எங்களிடம் வந்தது. பல வருடம் அரம் பிடித்ததைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. தராசுத் தண்டு உட்காரும் கத்திமுனையைத் தேய்த்துத் தேய்த்துக் கூராக்குவது என் வேலை. என்னைவிட மூன்று வருடம் பின்னால் வந்த ஏசுதாஸும் அதே வேலையைச் செய்தான். சின்ன வயதில் போலியோ வந்து அவனுக்கு இடதுகால் சூம்பியிருந்தது. அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன்தான்.

எழுபது வாக்கில் கடைத் தராசுகள் வருவது குறைந்தது. மாறாக, கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒவ்வொன்றாக ஆலைகள் வந்தன. ஆலைகளின் பெரிய தராசுகளைப் பட்டறைக்குத் தூக்கிவர முடியாது, நாம்தான் கல்லோடு அங்கே போக வேண்டும். அதற்காக முதலாளி ஒரு பழைய கறுப்பு கார் வாங்கினார். ஸ்டியரிங்குக்குக் கீழே கை கியர். ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது, பாரம் ஏற்றினால் பிடிக்காது. பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து, ஒவ்வொன்றும் இருபது கிலோ உள்ள இருபது வார்ப்பிரும்புக் கற்களை அதில் அடுக்குவோம். நானூறு கிலோ. ஏற்றி முடித்தால் காரின் மூக்கு வானத்தைப் பார்க்கும்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சீனிவாசலு. அப்பா இறந்தபின் பட்டறையை ஏற்றவர். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது, எனக்கு முப்பத்திரண்டு. வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தராசில் கல்லை வைத்ததும் இடதுகை ஆள்காட்டி விரலைத் தூக்குவார். முள் ஆடி அடங்கும்வரை யாரும் பேசக் கூடாது, தும்மக் கூடாது. முள் நின்றதும் விரல் இறங்கும். அதன்பிறகுதான் எண்ணைச் சொல்வார், நாங்கள் எழுத வேண்டும். ஆலை மேனேஜர் பேசிக்கொண்டிருந்தாலும் அந்த விரல் தூக்கியபடியே இருக்கும். மேனேஜரும் நிறுத்திவிடுவார்.

சாவி மேசைக்கு வந்த அன்று எங்கள் இருவரையும் கூப்பிட்டு நேராகச் சொன்னார். "இனிமே டிரைவர்னு தனியா ஆள் வெக்க முடியாது. வெளிவேலைக்கு ஒருத்தர், பெஞ்சுக்கு ஒருத்தர், அவ்ளோதான் வேலை இருக்கு. வெளிவேலைக்குப் போறவர்தான் வண்டியும் ஓட்டணும். எத்திராஜ், உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கு. உங்களால முடியலன்னா ஓட்டத் தெரிஞ்ச வேற ஆள வெளிவேலைக்கு எடுப்பேன். அப்போ பெஞ்சு சீனியருக்கு. மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்."

சீனியர் நான். அதாவது, நான் காரை ஓட்டாவிட்டால் என் வேலை போகாது, ஏசுதாஸின் வேலை போகும். அவனால் கிளட்ச் மிதிக்க முடியாது. அவனுக்கு அது உடனே புரிந்தது. எனக்கு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது புரிந்தது. டப்பாவைத் திறந்துவிட்டு மூடினேன்.

லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. யாருமில்லாத மைதானத்தில் காலி வண்டியை ஓட்டிக் காட்டி வாங்கியது. அதன்பிறகு ஸ்டியரிங்கைத் துடைத்திருக்கிறேனே தவிரப் பிடித்ததில்லை.

மறுநாளே கல் ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். சமதரையில் போவது சிரமமில்லை. பெரியபாளையம் வரை உள்ளங்கை ஈரமாக இருந்தது, அதற்கப்புறம் காய்ந்தது. கும்மிடிப்பூண்டிக்கு முன்பு ஒரு ரயில்வே கேட் உண்டு. தண்டவாளம் உயரத்தில், சாலை ஏறி இறங்கும். கேட் மூடியிருந்தால் ஏற்றத்தில் நிற்க வேண்டும். திறந்ததும் ஏற்றத்திலிருந்தே வண்டியை எடுக்க வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலேட்டருக்குக் கொண்டுபோகும் அந்த ஒரு நொடியில் நானூறு கிலோவும் என்னைப் பின்னுக்கு இழுக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். கேட்டுக்கு நூற்றைம்பது கஜம் முன்னால் சமதரையில் ஒரு பனைமரம். கேட் மூடியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். திறந்து, நின்றிருந்த லாரியும் மாட்டுவண்டியும் எல்லாம் போனபின், அங்கிருந்து ஒரே ஓட்டமாக எடுத்து மேட்டைத் தாண்டுவேன். இரண்டு தடவை, நான் வருவதற்குள் கேட் மறுபடி மூடிவிட்டது. மறுபடி பனைமரத்துக்குப் பின்னால் ரிவர்ஸில் போனேன். கேட்மேன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்று நாள் இப்படி ஓடியது. ஆலையில் எடை போடுகிறவர், உங்கள் ஆள் தினமும் அரைமணி லேட் என்று முதலாளிக்குப் போன் செய்துவிட்டார். 11-ஆம் தேதி வெள்ளிக்கிழமை முதலாளி என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

கேட் மூடியிருந்தது. பனைமரத்தடியில் நிறுத்தினேன். அவர் மரத்தைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். "இங்க எதுக்கு நிறுத்தறீங்க? முன்னாடி போங்க" என்றார். போனேன். ஏற்றத்தின் பாதியில் நிறுத்தினேன். பின்னால் சவுக்குக் கட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்து நின்றது.

ரயில் போனது. கேட் திறந்தது. நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். இன்ஜின் இருமிவிட்டு நின்றது. கார் பின்னால் நகர்ந்தது. பிரேக்கை மிதித்தேன். மறுபடி ஸ்டார்ட் செய்தேன், மறுபடி நின்றது. இந்தத் தடவை டிக்கியில் ஏதோ முட்டியது. கண்ணாடியில் ஒரு மாட்டின் முகம் முழுசாகத் தெரிந்தது.

வண்டிக்காரர் சாவகாசமாக இறங்கி என் ஜன்னலுக்கு வந்தார். "இன்னா நைனா, எம் மாட்டுக்கு முத்தம் குடுக்க வரியா?"

சக்கரத்துக்குப் பின்னால் எதையாவது வையுங்கள், பின்னால் கல் இருக்கிறது, ஒன்றை எடுங்கள் என்று நான் பதறினேன். வண்டிக்காரர் பின்கதவில் கையை வைத்துவிட்டார். முதலாளி அப்போதுதான் வாயைத் திறந்தார். "எடைக்கல்லத் தொடாதீங்க. சக்கரத்துக்குக் குடுத்தா ஓரம் தேஞ்சிடும்." பிறகு தாமே இறங்கி, ரோட்டோரம் கிடந்த கருங்கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். என்னை நகரச் சொல்லிவிட்டு, கல் பிடித்திருந்ததால் நிதானமாகக் கிளட்சை விட்டு, அவரே ஓட்டிக் கேட்டைத் தாண்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆலையில் வழக்கம்போல வேலை நடந்தது. கற்களை மெல்லிய துணியால் துடைத்தோம். தராசு காலியாக இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தோம். ஒரு கல், விரல் மேலே, விரல் கீழே, எழுது. இரண்டாவது கல். இப்படி இருபதுவரை ஏற்றினோம். பின்பு ஒவ்வொன்றாக இறக்கி, இறக்கும்போதும் எழுதினோம். ஏறும்போது பத்துக் கல்லுக்கு என்ன எண் வந்ததோ, இறங்கும்போதும் அதே எண் வர வேண்டும். வராவிட்டால் உள்ளே எங்கோ ஏதோ உரசுகிறது என்று அர்த்தம். திரும்பும்போதும் முதலாளியே ஓட்டினார். பட்டறைக்கு வந்ததும், "இன்னும் பதினெட்டு நாள் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை இதையெல்லாம் ஏசுதாஸிடம் சொன்னேன். மாட்டின் முகத்தைச் சொன்னபோது சிரித்தான். அப்புறம் அரத்தைக் கீழே வைத்தான்.

"நேத்து ஊட்ல சொல்ட்டேன், மாசக் கடைசிக்கு மேல எப்படியோ தெரிலன்னு. எங்கம்மா ராத்திரிக்கே அரிசிய அளந்து போட்டுச்சு." அரத்தை மறுபடி எடுத்துக்கொண்டு, "நீ இன்னா வேணும்னா பண்ற? பயம் வந்தா வர்துதான். ஆனா ஒரு தராசு சரியில்லன்னா நீ பனமரத்தாண்ட போயி நிப்பியா? கல்லு வெச்சுப் பாப்ப இல்ல?" என்றான்.

ஊருக்கு வெளியே ஒரு அரிசி ஆலை. அங்கே லாரியை அப்படியே நிறுத்தி எடை போடும் மேடை உண்டு. அதன் குழிக்குள் மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க மேடையை உயர்த்திக் கட்டி, இரண்டு பக்கமும் சரிவு வைத்திருந்தார்கள். ரயில்வே கேட்டைவிடச் செங்குத்து. ஞாயிற்றுக்கிழமை அங்கே லாரி வராது. அதைப் பராமரிப்பது நாங்கள் என்பதால் வாட்ச்மேன் மறுக்கவில்லை. முதலாளியிடம் கார் கேட்டபோது எதற்கு என்று அவர் விசாரிக்கவில்லை, சாவியைக் கொடுத்தார்.

13-ஆம் தேதி, மாதா கோயில் பூசை முடிந்து ஏசுதாஸ் வெள்ளைச் சட்டையோடு வந்தான். கையில் சாக்பீஸ், இரும்பு அளவுகோல், என்னுடைய மாதிரியே ஒரு நோட்டு. கற்களை எல்லாம் தரையில் இறக்கி வைத்தோம். முதலில் காலி வண்டி. சரிவின் நடுவில் நிறுத்தினேன். பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் அவன் கோடு போட்டு, ஓரமாக நகர்ந்துகொண்டான். நான் காலை மாற்றி வண்டியை எடுத்தேன். மேலே ஏறுவதற்குமுன் எவ்வளவு பின்னால் வந்தது என்று அளந்தான். நான்கு அங்குலம். ஒரு கல் ஏற்றினோம். நான்கு. இரண்டாவது கல். இப்படியே போனது. பத்துக் கல்லில் ஆறு அங்குலம். இருபதில் ஒரு அடி, இரண்டு தடவை இன்ஜினும் நின்றது. இடையிடையே ஏசுதாஸ், "இது முன்னால போற வண்டிதான, நல்லா பாத்துச் சொல்லு" என்பான். வாட்ச்மேன் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வெயில் ஏறிவிட்டது. போதும் என்றேன். "இறக்கிப் பாக்காம எந்த ஊர்ல டெஸ்ட்ட முடிப்பாங்க?" என்று அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கல்லாக இறக்கினோம். இருபது தடவை பழகியிருக்கிறேனே, இறக்கும்போது எண் குறையும் என்று நினைத்தேன். பத்துக் கல்லில் பதிமூன்று அங்குலம் வந்தது.

"வேணாம் ஏசு. எனக்கு வராது" என்றேன். ஒரு தப்பைச் செய்யச் செய்ய மனிதனுக்கு அது குறைய வேண்டும். எனக்குக் கூடுகிறது என்றால் நான் எதற்கும் லாயக்கில்லை என்றுதான் பட்டது.

அவன் நோட்டில் ஏறும்போது எழுதிய எண்களையும் இறங்கும்போது எழுதியவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏறும்போது ஆறு. எறங்கும்போது பதிமூணு. அதே பத்துக் கல்லு. இது உங் காலு இல்ல எத்திராஜு. எங்கியோ ஒரசுது."

கதவைத் திறந்து, சூம்பிய காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, பெடல்களுக்குக் கீழே கையை விட்டான். வெளியே எடுத்தபோது அவன் கையில் ஒரு சாக்கு இருந்தது.

அந்தச் சாக்கை விரித்தது நான்தான். கார் பொறுப்பு எனக்கு வந்த முதல் நாளே, செருப்பு மண் உள்ளே படக் கூடாது என்று கோணிச் சாக்கு ஒன்றைத் துவைத்து, அளவாக வெட்டி, ஓரம் தைத்துப் போட்டிருந்தேன். ஒவ்வொரு தடவை நான் காலை ஊன்றும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து, ஆக்ஸிலேட்டருக்குக் கீழே மடிந்துகொண்டது. பெடல் பாதிக்கு மேல் இறங்கவில்லை. சமதரைக்கு அது போதும். மேட்டில் இன்ஜின் நின்றுவிடும். தினமும் காலையில் நானே அதை இழுத்து நேராக்கிவிடுவேன். அதனால் கிளம்பும்போது தெரியாது, கும்மிடிப்பூண்டி போவதற்குள் மடிந்திருக்கும்.

"சுத்தக்காரன் வேலையப் பாரு" என்றான் ஏசுதாஸ். அவன் சிரித்தான், வாட்ச்மேன் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று எழுதினால் பொய். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாக்கை எடுத்துவிட்டு மறுபடி இருபது கல்லையும் ஏற்றினோம். ஐந்து அங்குலம் வந்தது.

"சாக்கோட பங்கு ஏழு அங்குலம். மீதி அஞ்சு உன்து. அத நீதான் தேய்ச்சு எடுக்கணும்" என்றான்.

அந்த ஐந்தைத் தேய்க்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. இடையில் வேலைநாட்களில் முதலாளியே வண்டியை எடுத்தார். நான் செய்த தப்பை இப்போது சொல்லிவிடலாம். கிளட்சை மேலே விடும்போது ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கனக்கும், பானெட் லேசாகத் தூக்கும். வண்டி அந்த இடத்தில் தானே நிற்கும், பின்னால் போகாது. பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டியது அதற்கப்புறம்தான். நான் பயத்தில் அந்த இடம் வருமுன்பே காலை எடுத்தேன். முள் நிற்குமுன் எண்ணை எழுதுகிற மாதிரி. பதினாலு வருடத் தராசு வேலையில் ஒரு தடவைகூட அப்படி எழுதியதில்லை. காருக்குள் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்திருந்தது. இந்தத் தடவை சத்தம் கனத்ததும், மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு காலை மாற்றினேன். 20-ஆம் தேதி மூன்று அங்குலம். 27-ஆம் தேதி இருபது கல்லிலும் இரண்டு, இறக்கும்போதும் இரண்டு. காலி வண்டி பின்னால் வரவேயில்லை, சாக்பீஸ் கோடே அழியவில்லை.

அது லீப் வருடம். 29-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. இருபது கல், பக்கத்தில் முதலாளி. பனைமரத்தை நெருங்கும்போது கேட் திறந்திருந்தது. அப்படியே போய்விடலாம் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. மேட்டின் அடிக்கு வந்தபோது கேட்மேன் சங்கிலியை அவிழ்த்து கேட்டை இறக்க ஆரம்பித்தார். நான் வேகமெடுத்திருந்தால் புகுந்து போயிருக்கலாம். நிறுத்தினேன். ஏற்றத்தின் மேல்பாதியில், போன தடவையைவிட மோசமான இடத்தில்.

பின்னால் லாரி ஒன்று வந்து, என் டிக்கியிலிருந்து மூன்றடிக்குள் நின்றது. கண்ணாடியில் அதன் ரேடியேட்டர் மட்டும் தெரிந்தது. கூட்ஸ் வண்டி. மெதுவாகப் போனது. முதலாளி எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டி போனதும் கேட் உயர்ந்தது. லாரிக்காரர் உடனே ஹாரன் அடித்தார், நிறுத்தவே இல்லை.

பக்கத்தில் முதலாளியின் இடதுகை விரல் மேலே எழுந்தது. எனக்காகவா, லாரிக்காரருக்காகவா, தெரியாது. கிளட்சை விட்டேன். சத்தம் கனத்தது. பானெட் தூக்கியது. ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒன்று. இரண்டு. காலை மாற்றினேன். கார் மேலே ஏறித் தண்டவாளத்தில் தடதடத்து, அந்தப் பக்கம் இறங்கியது. விரல் கீழே வந்தது.

கொஞ்ச தூரம் போனபின் ஓரமாக நிறுத்தச் சொன்னார். இறங்கி, திரும்ப நடந்து மேட்டுக்குப் போனார். செம்மண் படிந்த ரோட்டில் குனிந்து டயர்த் தடத்தைப் பார்த்தார். அந்த லாரியும் அதற்குப் பின்னால் நின்றவர்களும் போய்விட்டிருந்தார்கள், தடம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்திருக்கும். என்ன தெரிந்ததோ, வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு அங்குலத்துக்குள்ளன்னு ஏசுதாஸ் நோட்ட கொண்டாந்து காமிச்சான். நம்பல. அவன் வேலைய அவனே காப்பாத்திக்கப் பாக்கறான்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "போலாம். ஆலைல கேட்டா லேட் இல்லன்னு சொல்லுங்க" என்றார்.

சாயங்காலம் பட்டறைக்குத் திரும்பியபோது ஏசுதாஸ் வழக்கமான ரயிலை விட்டுவிட்டுக் காத்திருந்தான். முதலாளி உள்ளே போகும்போது நின்று, பெஞ்சு இனி அவன் பொறுப்பு என்று சொன்னார். அவன் சரிங்க சார் என்றான். அவர் போனதும் என்னைப் பார்த்து, "மாடு ஏதாவது?" என்று கேட்டான். இல்லை, லாரி என்றேன். "ப்ரமோஷன்தான்" என்றான். தடியை ஊன்றி எழுந்தவன், வாசல் வரை போய்விட்டு, திரும்பி வந்து என் தோளில் ஒருமுறை கை வைத்துவிட்டு அடுத்த ரயிலுக்குப் போனான்.

மார்ச் 1, புதன்கிழமை. ஏழு நாற்பதுக்குப் பட்டறையைத் திறந்தேன். முதல் வேலையாக, ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக விழும் இடத்திலிருந்த, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் என் வைஸைக் கழற்றினேன். அந்த இடத்தில் ஏசுதாஸின் வைஸை மாட்டினேன். நான் நின்று வேலை செய்கிறவன், அவன் உட்கார்ந்து செய்கிறவன். அதனால் பலகையை நான்கு அங்குலம் தாழ்த்தி, ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கை சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். நான்கு போல்ட்டையும் முறுக்கினேன். பிறகு கார் சாவியை எடுத்தேன்.